கரிபூசிய முகமும் கறுப்பர் குரலும்

2005ஆம் ஆண்டிலே, டேவ் சப்பல் என்னும் அமெரிக்க நகைச்சுவை நடிகர், தமது தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மூன்றாந் தொகுதிக்கான வேலைகளை இடைநடுவே விட்டுவிட்டுத் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டார். ஐந்து கோடி டொலர் பெறுமதியானது எனப் பேசப்பட்ட ஒப்பந்தம் ஒன்று அதனால் அவர் கைவிட்டுப் போயிற்று. அவருக்குச் சித்தம் கலங்கிவிட்டதென்று கூடக் கதை பரவிற்று. பின்னர் அவரே காரணத்தை எடுத்துரைத்தார். கறுப்பின மக்களைப் பற்றி நிலவும் இழிவான எண்ணங்களைக் கேலி செய்வதற்கென அவர் ஒரு காட்சியை அமைத்திருந்தார். அதிலே முகத்திற் கரியைப் பூசிக்கொண்டு, பழைய மேடைக் கோமாளியின் கோலத்தில் ஒரு குட்டிச் சாத்தானாகத் தோன்றினார். படப்பிடிப்பிடத்தில் நின்ற வெள்ளையர் ஒருவர் அதனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். கேலியை விளங்கிக்கொண்டவரின் சிரிப்பன்று அது, கோமாளியைக் கண்டு மகிழ்ந்தவரின் சிரிப்பு என்றே சப்பலுக்குப் பட்டது.

தமது பகிடிக்கு ஒருவர் சிரித்தார் என்பதற்காக ஒரு நகைச்சுவைக் கலைஞர் தொழிலை விட்டு ஓடுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின், அந்தச் சிரிப்புக்கு அன்று ஏறத்தாழ நூற்றெழுபத்தைந்து வயதாகியிருந்தது. அதன் பிறப்பையும் வளர்ப்பையும் அறியாமல் இன்றைய அமெரிக்கத் திரைப்படத்தையோ, தொலைக்காட்சி நகைச்சுவையையோ, நம் மாணவர்கள் காதிலே மாட்டிக்கொண்டு திரியும் ராப் இசையையோ சரிவர மதிப்பிட முடியாது என்பது எமது எண்ணம்.

1830ஆம் ஆண்டளவிலே தோமஸ் டார்ட்மவுத் றைஸ் என்ற வெள்ளை நடிகர், எரித்த தக்கையின் கரியை முகத்திற் பூசி, கந்தலுடுத்து, 'ஜிம் குரோ' என்ற பெயரிலே ஒரு கறுப்பரின் நடையையும் பேச்சையும் பாவனை செய்து ஆடினார். ஆட்டம் ஊரூராகப் பரவியது. 1843இல் நான்கு பேர் கொண்ட குழுவொன்று நியூயோர்க்கிலே முழுநேர நிகழ்ச்சியாகவே இதனை நடத்தியது. 'மின்ஸ்ட்ரல்' ஆட்டம் எனப் பெயர் பெற்ற இக்களியாட்டம், அந்நூற்றாண்டு முழுவதும் அமெரிக்கப் பொதுமக்களின் தலையாய பொழுதுபோக்குகளுள் ஒன்றாக விளங்கியது. பிற்காலத்திலே தென்மாநிலங்கள் கறுப்பரைப் பள்ளியிலும் புகைவண்டியிலும் உணவுச்சாலையிலும் ஒதுக்கி வைப்பதற்கு இயற்றிய சட்டங்களுக்கு 'ஜிம் குரோ சட்டங்கள்' என்ற பெயரே நிலைத்தது. ஒரு கோமாளியின் பெயர் ஒரு கொடுங்கோன்மைக்குப் பெயராயிற்று.

இந்த ஆட்டத்தைப் பார்த்துச் சிரித்தவர் யார்? தென்பகுதியின் தோட்ட முதலாளிமார் மட்டுமல்லர். வடபகுதி நகரங்களின் தொழிலாளரே இதன் முதற் சபையினர். அவர்களுள் பலர் அயர்லாந்திலிருந்து பட்டினிக்குத் தப்பி வந்தவர்கள். பிற வெள்ளையரால் தாமே இழித்துரைக்கப்பட்டவர்கள். தம்மோடு தோளிணைந்து நிற்க வேண்டிய இன்னொரு உழைப்பாளியைப் பார்த்துச் சிரிக்க அவர்களுக்கு இம்மேடை கற்றுக்கொடுத்தது. நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த சில சதங்களுக்கு அவர்கள் வாங்கியது, தமக்குக் கீழே ஒருவன் உளன் என்ற மனநிறைவையே.

எனினும், வெறுப்பு மட்டுமே இதனைத் தோற்றுவித்தது என்றால் அது பாதி உண்மையே. அம்மேடையிலே ஒலித்த பாஞ்சோ என்ற நரம்புக்கருவி ஆபிரிக்க வழியில் வந்தது. தாளமும் ஆட்டமும் தோட்டங்களிலே அடிமைகளிடமிருந்து கேட்டும் கண்டும் எடுக்கப்பட்டவை. அடிமையின் இசைமீது அடங்காத ஆசை இருந்தது. அவனை மனிதனென்று ஏற்கும் மனம் இருக்கவில்லை. அவனுடைய பாட்டு வேண்டும், அவன் வேண்டியதில்லை. பின்வந்த நூற்றாண்டுகளில் அமெரிக்கக் கலைத்தொழில் முழுவதிலும் இந்த முரண்பாட்டையே காண்கின்றோம்.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைமுறை ஒழிந்த பின் கறுப்பர் தாமும் மேடையேற முடிந்தது. ஆனால் ஏற்கெனவே கறுத்திருந்த முகத்திலும் கரியைப் பூசிக்கொண்டே பலர் ஏற வேண்டியிருந்தது. பஹாமாத் தீவிற் பிறந்த பேர்ட் வில்லியம்ஸ் அக்காலத்தின் பெருநடிகருள் ஒருவர். 1910இல் நியூயோர்க்கின் புகழ்மிக்க 'சீக்பீல்ட் போலீஸ்' மேடையிலே வெள்ளை நடிகர்களுக்குச் சமமாகத் தோன்றினார். அங்கும் கரியோடுதான்.

சினிமா வந்தது. புதிய கருவி பழைய சிரிப்பைக் கைவிடவில்லை. 1915இல் கிரிபித் எடுத்த 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம், படத்தொகுப்பிலே புதுமை செய்ததென்று இன்றும் பாடப்புத்தகங்களிற் போற்றப்படுகின்றது. முகத்தில் வண்ணம் பூசிய வெள்ளையர் அதிலே கறுப்பராக நடித்தனர். கறுப்பரைக் கொன்றொழித்த கூ குளுக்ஸ் கிளான் கூட்டம் வீரர் கூட்டமாகக் காட்டப்பட்டது. செயலிழந்து கிடந்த அக்கூட்டம் அதே ஆண்டிலே மீண்டும் உயிர்பெற்றது. கலை வேறு, கருத்து வேறு என்று வாதிடும் நம் நண்பர்கள் இப்படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாதத்தைத் தொடர்வது நன்று. 1927இல் வெளியான 'ஜாஸ் பாடகன்', திரையிலே பேச்சொலி கேட்ட முதல் முழுநீளப் படம். அதன் உச்சக்காட்சியிலே கதாநாயகன் கரிபூசிய முகத்தோடேயே பாடினான்.

மறுகுரல் ஒன்றும் அப்போதே எழுந்தது. ஒஸ்கார் மிஷோ என்ற கறுப்பர், விவசாயம் செய்து, நாவல் எழுதி, அந்த நாவல்களை வீடுவீடாகக் கொண்டுசென்று விற்றவர். தெரிந்தவர்களிடம் பங்குப்பணம் திரட்டி 1919இல் தமது முதற் படத்தை எடுத்தார். 1920இல் வெளிவந்த 'எம் வாயில்களுக்குள்ளே' என்ற படத்திலே, கறுப்பரை மரத்திலே தூக்கிக் கொல்லும் வெறிக்கூட்டத்தைத் திரைக்குக் கொண்டுவந்தார். கிரிபித்துக்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை. அப்படம் பல்லாண்டுகள் தொலைந்து கிடந்து, பின்னர் ஸ்பெயின் நாட்டிலே ஒரு பிரதி கண்டெடுக்கப்பட்டது. கிரிபித்தின் பிரதிகள் ஒருகாலும் தொலையவில்லை. காப்பகங்களுக்கும் வர்க்கமும் நிறமும் உண்டு போலும்.

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் வருவோம். 1928இல் சிக்காகோவிலே தொடங்கிய 'ஏமொஸ் அன்ட் அன்டி' என்ற வானொலி நகைச்சுவையில் இரு வெள்ளையர் கறுப்பர்போற் பேசி நாட்டையே சிரிக்க வைத்தனர். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பு நடிகர்களே நடித்தனர். ஆயின் பாத்திரங்கள் பழைய கோமாளிகளே. கறுப்பரின் உரிமை இயக்கம் கண்டித்துப் போராடியது. 1953இல் புதிய படப்பிடிப்பு நின்றது. பழைய பகுதிகளோ 1966 வரை மறுஒளிபரப்பாயின. இடையிலே, 1956இல், நற் கிங் கோல் என்ற இனிய குரற் பாடகருக்கு ஒரு தேசிய நிகழ்ச்சி கிடைத்தது. அவர் கோமாளி அல்லர். நேர்த்தியாக உடுத்து, கண்ணியமாகப் பாடினார். தேசிய மட்டத்திலே ஒரு விளம்பரதாரர்கூட முன்வரவில்லை. தென்பகுதி வாடிக்கையாளர் கோபிப்பர் என்ற அச்சம் அவர்களுக்கு. 1957 டிசம்பரிலே நிகழ்ச்சி முடிவுற்றது. கோமாளிக்குக் கிடைத்த விளம்பரம் மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

1974இல் தொடங்கிய 'குட் டைம்ஸ்' என்ற தொடரை இங்கே சற்று விரிவாக நோக்க வேண்டும். சிக்காகோவின் தொடர்மாடிக் குடியிருப்பொன்றிலே வாழும் வறிய கறுப்புக் குடும்பத்தின் கதை அது. அதனை உருவாக்கியவருள் ஒருவரான எரிக் மொன்ரீ அத்தகைய குடியிருப்பிலே வளர்ந்தவர். தாயும் தகப்பனும் பிள்ளைகளும் வேலைக்கும் வாடகைக்கும் படும் பாடு, தொலைக்காட்சி அதுவரை காட்டாத உண்மை. ஆனால், மூத்த மகனாக வந்த இளம் நடிகரின் குதிப்பும் கூவலும் சிரிப்பை மிகுவித்தன. சிரிப்பு மிக மிக அவனுக்கே காட்சிகள் மிகுந்தன. தாயாக நடித்த எஸ்தர் றோலும், தந்தையாக நடித்த ஜோன் ஏமொஸும் இதனை எதிர்த்தனர். 1976இல் ஏமொஸ் விலக்கப்பட்டார். கதையிலே தந்தை விபத்திலே இறந்தார். அடுத்த ஆண்டில் றோலும் விலகினார். கடைசித் தொகுதிக்கே திரும்பி வந்தார். கோமாளித்தனத்தை எதிர்த்து வாதாடிய நடிகரே வேலையிழந்தார், குடும்பமும் தந்தையை இழந்தது. இதில் யாருடைய தனிப்பட்ட தீமையையும் தேட வேண்டியதில்லை. சபையின் சிரிப்பை எண்ணி விளம்பரக் கட்டணம் விதிக்கும் தொழில், சிரிப்பு வந்த பக்கமே சாயும்.

1984 முதல் ஓடிய 'கொஸ்பி ஷோ' இதற்கு நேர்மாறானது. தந்தை வைத்தியர், தாய் வழக்கறிஞர். கோமாளித்தனம் அகன்றது, வறுமையும் கூடவே அகன்றது. அதன் இறுதிப் பகுதி 1992 ஏப்ரில் 30ஆம் திகதி ஒளிபரப்பாயிற்று. அதற்கு முதல்நாள், றொட்னி கிங் என்ற கறுப்பரைத் தாக்கிய பொலிசாரை நீதிமன்றம் தண்டியாது விட்டதனால் லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் எரியத் தொடங்கியிருந்தது. அந்நகரின் தொலைக்காட்சியிலே தீயின் காட்சிகளை நிறுத்திவிட்டு இந்த வைத்தியர் வீட்டுக் கதையை ஓட்டினார்கள். எந்த நாவலாசிரியனும் இத்துணை வெளிப்படையான காட்சியைக் கற்பிக்கத் துணியமாட்டான்.

நகரம் எரியப்போவதை முன்னரே சொல்லியிருந்தவர்கள் ராப் பாடகர்கள். இக்கலையின் பிறப்பிடம் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதி. றொபேர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டப்படி, 1948 தொடக்கம் கால் நூற்றாண்டு காலமாக அப்பகுதியை ஊடறுத்துப் பெருந்தெரு அமைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. எழுபதுகளிலே வீடுகள் வீதிவீதியாக எரிந்தன. காப்புறுதிப் பணத்துக்காக உரிமையாளரே தீ வைப்பித்த வீடுகளும் உண்டு. இத்தகைய சூழலிலே, 1973 ஓகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கத் தொடர்மாடியின் பொதுமண்டபத்திலே ஓர் இளம்பெண், பள்ளிக்கூடம் தொடங்குமுன் புத்தாடை வாங்கக் காசு சேர்ப்பதற்காக ஒரு களியாட்டம் வைத்தாள். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டவர் அவளுடைய தமையன், ஜமெய்க்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை இரு சுழல்தட்டுகளில் வைத்து, பாட்டின் இடையே தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளை மாறி மாறித் திருப்பி நீட்டும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். அத்தாளத்தின்மேலே பேச்சு ஏறியது. இசைக்கருவி வாங்க வழியற்றவர்கள், இசையைக் கேட்கும் கருவியையே இசைக்கருவியாக்கினர். மக்கட் கலையின் வரலாற்றிலே இதற்கிணையான கண்டுபிடிப்புகள் சிலவே.

ஆறு ஆண்டுகளில் வியாபாரி வந்துவிட்டார். 1979இல் வெளியாகி உலகெங்கும் விற்பனையான 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற இசைத்தட்டிலே ஒருவர் பாடிய அடிகள், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிரொங்ஸ் பாடகருடைய குறிப்புப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. அவருக்குப் பெயரும் கிடைக்கவில்லை, பணமும் கிடைக்கவில்லை. 1982இல் வந்த 'த மெஸேஜ்' என்ற பாடலோ, களியாட்டத்தை விட்டு விலகி, உடைந்த கண்ணாடியும் எலியும் கடன்காரரும் நிறைந்த தெருவைப் பாடியது. ராப் தன் காலிலே நின்றது அன்றுதான் எனலாம்.

1988இல் லொஸ் ஏஞ்சலிஸ் அருகேயுள்ள கொம்ப்டன் பகுதியிலிருந்து என்.டபிள்யூ.ஏ. குழுவினர் பொலிசாரின் அட்டூழியத்தை வெளிப்படையாகச் சாடினர். 1989இல் மத்திய புலனாய்வுத் துறையின் அதிகாரி ஒருவர் இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். அக்கடிதமே நல்ல விளம்பரமாயிற்று. 1991இல் கடை விற்பனையை இயந்திரத்தால் நேரடியாக எண்ணும் முறை வந்ததும், இக்குழுவின் அடுத்த இசைத்தட்டு நாட்டிலே முதலிடம் பெற்றது. வெள்ளையர் வாழும் புறநகர்களிலும் இது பெருந்தொகையாக வாங்கப்பட்டமை தெளிவாயிற்று. இங்கேதான் நம் கவனம் கூர்மையடைய வேண்டும். கறுப்பனைக் கோமாளியாக வாங்கிய சந்தை, இப்போது அவனைக் கொடியவனாக வாங்கத் தொடங்கிற்று. சிரிப்பின் இடத்திலே அச்சத்தின் கிளுகிளுப்பு அமர்ந்தது. துப்பாக்கியும் போதைப்பொருளும் பாடினால் விலை. வேலையின்மையைப் பாடினால் விலையில்லை. பெண்களை இழித்துப் பாடும் வழக்கம் இக்காலத்திலே பெருகியது. ஒடுக்கப்பட்டவன் பாடினான் என்பதற்காக அதனை மன்னிக்க நாம் ஆயத்தமில்லை. குவீன் லட்டீபா 1989இலேயே தம் இசைத்தட்டால் இதற்கு விடை கூறினார். லோரின் ஹில் 1998இல் வெளியிட்ட இசைத்தட்டு, அடுத்த ஆண்டிலே கிராமி விருதுகளில் ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என்ற பரிசைப் பெற்றது. அதன் கனிவும் கண்டிப்பும் இன்றும் மங்கவில்லை.

அண்மைக்கால ராப்பிலே எமக்கு மிக முக்கியமாகப் படுபவர் கென்ட்ரிக் லமார். கொம்ப்டனில் வளர்ந்தவர். 2015இல் வந்த 'டு பிம்ப் எ பட்டர்ஃபிளை' என்ற தொகுப்பிலே, புகழ்பெற்ற கறுப்புக் கலைஞனை முதலாளித்துவம் எவ்வாறு விலைப்பொருளாக்குகின்றது என்பதையே பொருளாக எடுத்தார். ஜாஸ், பங்க் ஆகிய மூத்த இசைகளெல்லாம் அதிலே கூடி வாதிடுகின்றன. பொலிசாரின் கொலைகளை எதிர்த்து ஊர்வலம் சென்றவர்கள் அதிலிருந்த பாட்டொன்றைத் தெருவிலே பாடினர். 2018இல் புலிட்சர் பரிசு கிடைத்ததோ அவருடைய 'டாம்' என்ற அடுத்த தொகுப்புக்கு. செவ்வியல் இசைக்கும் ஜாஸுக்கும் அப்பால் அப்பரிசு சென்றது அதுவே முதன்முறை. அதுவும் நன்றே, ஆயினும் முந்தியதன் ஆழம் பிந்தியதில் இல்லை. 2025 பெப்ரவரியில், விளம்பர வியாபாரத்தின் பெருந்திருவிழாவான காற்பந்தாட்ட இறுதிப் போட்டியின் இடைவேளையிலே அவர் பாடினார். சாமுவேல் ஜக்சன் 'அங்கிள் சாம்' வேடத்திலே வந்து, அடக்கமாகப் பாடு என்று அவரை அதட்டினார். எதிர்ப்பும் வியாபாரமும் ஒரே மேடையில் நின்றன. யார் யாரை விழுங்கினார் என்பதில் எம்மிடையே கருத்தொற்றுமை ஏற்படவில்லை.

பெயர் யாருக்கு, பணம் யாருக்கு என்ற இக்கேள்வி தமிழிலும் எழுந்துவிட்டது. 2021இல் வெளிவந்து கோடிக்கணக்கானோர் கேட்ட 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலுக்கு அடித்தளம், ராப் பாடகர் அறிவின் பாட்டியார் வாழ்வு. அவர் இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலே உழைத்துவிட்டுத் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா-சாஸ்திரி உடன்படிக்கையால் இலட்சக்கணக்கில் நாடு கடத்தப்பட்ட நம் மலையக மக்களின் கண்ணீர் அப்பாட்டிலே கலந்திருக்கின்றது. அதே ஆண்டிலே ஒரு சஞ்சிகையின் அட்டைப்படத்தில் பாடலின் பெயரால் பிறர் இடம்பெற, எழுதிப் பாடிய தலித் கலைஞரான அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருடைய படம் தனியாக வந்தது. பாடலால் தங்களில் எவருக்கும் வருமானம் வரவில்லை என்று 2024இல் அதன் இசையமைப்பாளர் பகிரங்கமாகச் சொன்னார். பிரொங்ஸ் காஸின் குறிப்புப் புத்தகம் நினைவுக்கு வருகின்றது.

சப்பலை ஓடவைத்த சிரிப்பைத் திரைப்படக் கலைஞர் எவ்வாறு எதிர்கொண்டனர்? ஸ்பைக் லீ 2000ஆம் ஆண்டிலேயே 'பம்பூசில்ட்' என்ற படத்தில் அதனைச் சொல்லிவிட்டார். வேலையிலிருந்து தம்மை நீக்கட்டும் என்றெண்ணி, ஒரு கறுப்புத் தொலைக்காட்சி எழுத்தாளர் பழைய கரிபூசிய ஆட்டத்தையே நிகழ்ச்சியாக எழுதிக் கொடுக்கின்றார். அது மாபெரும் வெற்றி பெறுகின்றது. படம் உரத்துக் கத்துகின்றது, கட்டுக்கோப்புக் குலைகின்றது, வசூலிலும் தோற்றது. ஆயினும் இறுதியிலே பழைய படங்களின் கரிபூசிய முகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும் சில நிமிடங்களுக்காகவே அதனைப் பார்க்கலாம். 2023இல் வந்த 'அமெரிக்கன் ஃபிக்ஷன்' ஏறத்தாழ இதே கருவைப் புத்தக உலகிலே வைத்தது. முன்பாதி கூர்மை, பின்பாதியில் அது தன் கேள்வியைச் சாமர்த்தியமாகத் தட்டிக்கழித்துவிடுகின்றது.

ஜோர்டன் பீல் தொலைக்காட்சி நகைச்சுவையிலிருந்து வந்தவர். அவருடைய 'கெட் அவுட்' (2017) பேய்ப்படமாக வேடமிட்ட வரலாற்றுப் பாடம். இனவெறி எமக்கில்லை என்று புன்னகைக்கும் பணக்கார வெள்ளையர், கறுப்பு இளைஞனின் உடலைத் தமது வாழ்வை நீட்டுவதற்காக ஏலம் போடுகின்றனர். அவனுடைய கண் வேண்டும், வலிமை வேண்டும், அவன் வேண்டியதில்லை. பாஞ்சோ காலத்து ஆசைதான். சப்பலோ பின்னாளிலே மேடைக்குத் திரும்பிப் பெரும் பணம் ஈட்டினார். 2021இல் பால்மாற்றம் கொண்டோரைப் பரிகசித்துக் கண்டனத்துக்குள்ளானார். யார் யாரைப் பார்த்துச் சிரிக்கின்றார் என்று ஒருகாலத்திலே எல்லோரிலும் நன்கறிந்திருந்தவர் அவர் என்பதனாலேயே எமக்கு வருத்தம் அதிகம்.

2025இல் ரையன் கூக்லர் இயக்கிய 'சின்னர்ஸ்' படத்தோடு முடிக்கலாம். 1932ஆம் ஆண்டு, மிசிசிப்பி. சிக்காகோவிலிருந்து திரும்பிய இரட்டைச் சகோதரர் பழைய மரஆலை ஒன்றை வாங்கி, பருத்தித் தோட்ட உழைப்பாளருக்கென ஓர் இசைச்சாலை திறக்கின்றனர். அவர்களுடைய இளம் மைத்துனன் பாடும் இசையின் வலிமையால் இறந்தகால ஆபிரிக்கப் பறையும் வருங்காலச் சுழல்தட்டும் ஒரே மண்டபத்திலே கூடி ஆடுகின்றன. அண்மைக்காலச் சினிமாவில் இதனினும் சிறந்த காட்சியை யாம் காணவில்லை. அந்த இசையைக் கைப்பற்ற வரும் இரத்தக்காட்டேறி ஓர் அயர்லாந்துக்காரன், தானும் நிலமிழந்தவன். மின்ஸ்ட்ரல் மேடையின் முன்னிருந்து சிரித்தவர்களை இவ்வளவு இரக்கத்தோடும் இவ்வளவு கண்டிப்போடும் எவரும் காட்டியதில்லை. பின்பகுதியிலே இரத்தம் அளவுக்கு மிஞ்சிவிட்டது என்பது எம் குறை.

இப்படத்தின் உரிமை இருபத்தைந்து ஆண்டுகளின் பின் தமக்கே திரும்ப வேண்டும் என்று கூக்லர் ஹொலிவூட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். மிஷோ வீடுவீடாய் அலைந்து தேடியது இதனையே. ஆனால் ஓர் இயக்குநரின் கைக்குச் சொத்து மாறுவது வேறு. ஒளி பிடித்தவர், உடை தைத்தவர், எழுதியவர் எல்லோருக்கும் பங்கு வருவது வேறு. 2023இல் எழுத்தாளர் 148 நாட்களும் நடிகர் 118 நாட்களும் வேலைநிறுத்தஞ் செய்து கேட்டது இரண்டாவதன் ஒரு சிறு பகுதியே. சொத்துரிமை எவ்வளவு தூரம் காக்கும் என்பதற்குப் படத்திலேயே ஓர் இடமுண்டு. சகோதரர் பணத்தைக் கொடுத்து ஆலையை முறைப்படி வாங்குகின்றனர். விற்ற வெள்ளையன், இக்காலத்திலே கிளான் எதுவும் இல்லை என்று அவர்களுக்குச் சொல்கின்றான். அவனே அவ்வூர்க் கிளானின் தலைவன். விடிந்ததும் ஆட்களோடு வந்து அவர்களைக் கொல்லுவதற்கு அவன் முன்னரே ஒழுங்கு செய்திருந்தான்.